கியோட்டோவுக்கு முதல்முறை போகிறீர்களா? திட்டத்திலிருந்து திரும்பும் நாள் வரை ஒரு முழு வழிகாட்டி

ஒசாக்காவில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் கியோட்டோவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாகிவிட்டது. யார் வந்தாலும் தடுமாறும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். பார்க்க வேண்டிய கோயில்களின் பட்டியல் தயாராக இருக்கும். எதை முதலில் பார்ப்பது, எத்தனை மணிக்குப் போய் நிற்பது என்ற யோசனை மட்டும் இருக்காது.

கியோட்டோவில் பெரும்பாலான கோயில்கள் காலை 8.30 அல்லது 9 மணிக்குத் திறந்து, மாலை 5 மணிக்குள் மூடிவிடும். அதற்கு அரை மணி முன்பே சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். நம் ஊர் மாதிரி மதியம் தூங்கி எழுந்து, சாயங்காலம் நிதானமாகக் கோயிலுக்குப் போகலாம் என்று நினைத்தால் சாத்திய கதவைத்தான் பார்க்க முடியும். ஒரு நாளில் கைக்குக் கிடைப்பது சுமார் எட்டு மணி நேரம். கீழே சொல்லியிருக்கும் வரிசை முழுவதும் அந்த எட்டு மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பதற்காகத்தான்.

## 1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

செர்ரிப் பூ மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை. இலைகள் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. இந்த இரண்டு பருவத்திலும் அறை வாடகை எகிறிவிடும், கூட்டமும் தாங்காது. பூவைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இல்லையென்றால் முதல் பயணத்துக்கு இவற்றைத் தவிர்ப்பேன்.

பள்ளி விடுமுறை விட்டதும் ஏப்ரல் கடைசியில் கிளம்பும் குடும்பங்கள் நேராகப் போய் மாட்டுவது 'கோல்டன் வீக்'கில். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை நெருக்கமாக அரசு விடுமுறைகள் வருவதால் ஜப்பானே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அதே விடுமுறையில்தான் வர முடியும் என்றால், மே 8, 10 தேதிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலும் இதமாக இருக்கும்.

ஜூனிலிருந்து ஜூலை நடு வரை மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும். மலை சூழ்ந்த ஊர் என்பதால் காற்றும் இருக்காது. சென்னை வெயிலில் வளர்ந்தவர்களே மதியத்துக்குள் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். குளிர் தாங்குமென்றால் ஜனவரி, பிப்ரவரி எனக்குப் பிடித்த காலம். ஆனால் அப்போது சில கோயில்கள் 4 மணிக்கே மூடிவிடும்.

## 2. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டில் சுற்றுலாவுக்காகக் குறுகிய காலம் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. 'விசிட் ஜப்பான் வெப்' என்ற அரசுத் தளத்தில் விவரங்களை முன்பே நிரப்பி, கியூஆர் குறியீட்டைப் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் இணையம் கிடைக்காமல் வரிசையில் நின்று தவிப்பதை இது தவிர்க்கும்.

ஜப்பான் ரயில்வேயில் (ஜே.ஆர்.) குறிப்பிட்ட நாட்களுக்கு இஷ்டம்போல் ஏறி இறங்க உதவும் ஜே.ஆர். பாஸ் வாங்குவது பழைய பழக்கம். 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென்னாக உயர்ந்தபின் கணக்கு மாறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென்தான். போய்வர மட்டும் பாஸ் எடுத்தால் நஷ்டம். போதாததற்கு, கியோட்டோவின் மாநகரப் பேருந்திலும் தனியார் ரயில்களிலும் அந்தப் பாஸ் செல்லாது.

காலணியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடப்பீர்கள், பல இடங்களில் கழற்றி மாட்டுவீர்கள். குனிந்து கயிறு கட்டத் தேவையில்லாத, ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ வேண்டும். ஓட்டை இல்லாத காலுறையும் வேண்டும். சிரிக்காதீர்கள், கோயில் மரத்தரையில் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். குளிர்காலத்தில் அந்தத் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும், கெட்டியான காலுறையாக எடுத்துவாருங்கள்.

கைக்குட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். கழிப்பறைகள் இலவசமாகவும் சுத்தமாகவும் இருக்கும், கை துடைக்கத்தான் பல இடங்களில் ஒன்றும் இருக்காது. தெருவில் குப்பைத்தொட்டியும் கிடையாது, குப்பைக்கென்று ஒரு பிளாஸ்டிக் பை போட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானில் 100 வோல்ட் மின்சாரம், தட்டையான இரண்டு முனை பிளக். நம் உருண்டை முனை நுழையாது, அடாப்டர் வேண்டும்.

ரொக்கம் முக்கியம். பல கோயில்களின் சீட்டுக் கவுண்டரில் கார்டு வாங்க மாட்டார்கள். நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் 500, 600 யென் என்பதால் ஆயிரம் யென் தாள்களும் சில்லறையும் இருந்தால் வரிசை நகரும். செவன் இலெவன் கடைகளில் இருக்கும் ஏ.டி.எம்.களில் வெளிநாட்டுக் கார்டு எடுக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை உங்கள் வங்கிச் செயலியில் ஊரிலேயே திறந்துவிட்டு வாருங்கள்.

பாசித் தோட்டத்துக்குப் பெயர்போன சாய்ஹோஜி கோயிலுக்கு முன்பதிவு கட்டாயம். வாசலில் போய்க் கெஞ்சிப் பயனில்லை.

## 3. தங்கும் இடம்: ரயிலுக்குப் பக்கத்தில்

அழகான தெருவில் பழைய மர வீடு என்று படத்தைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு, அங்கிருந்து பேருந்தைத் தவிர வேறு வழியில்லை என்று வந்தபின் தெரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர். முதல் பயணத்துக்கு இரண்டே இடம்தான் சொல்வேன். ஒன்று, கியோட்டோ ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம். இன்னொன்று, ஷிஜோ – கராசுமா சந்திப்பைச் சுற்றி. முதலாவது அதிகாலையில் ரயில் பிடிக்க வசதி. இரண்டாவதில் இரவு சாப்பாட்டுக் கடைகள் அதிகம், நிஷிக்கி கடைவீதியும் பக்கம்.

கியோட்டோ நகராட்சி, தங்குமிட வரியை ஒரு ஆளுக்கு, ஒரு இரவுக்கு என்று வசூலிக்கிறது. இணையத்தில் காட்டிய விலையில் அது சேர்ந்திருக்காவிட்டால் ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

## 4. ஊரை மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கூகுள் மேப்பில் ஆசைப்பட்ட இடங்களையெல்லாம் குறியுங்கள். புள்ளிகள் ஊரின் ஓரங்களில் வளையமாக விழுவது தெரியும். கோயில்கள் பெரும்பாலும் மலையடிவாரங்களில் இருக்கின்றன, நடுவில் இருப்பது சாதாரண நகரம். வளையத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஒரு நாளில் இரண்டு முறை குறுக்கே போனால் உங்கள் எட்டு மணி நேரம் ஆறாகிவிடும்.

அதனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். கிழக்கு: கியோமிசு தெராவிலிருந்து வெள்ளி மண்டபம் வரை. தெற்கு: ஃபுஷிமி இனாரியும் சன்ஜூசன்கென்தோவும். மேற்கும் வடமேற்கும்: அராஷியாமாவிலிருந்து தங்க மண்டபம் வரை. மூன்று பக்கம், மூன்று நாள். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கொறிக்கும் திட்டம்தான் எல்லோரையும் கவிழ்க்கிறது.

தங்க மண்டபத்துக்கும் வெள்ளி மண்டபத்துக்கும் ஜப்பானியப் பெயரில் வித்தியாசம் முதல் எழுத்தின் ஒலி மட்டும்தான். தமிழில் எழுதினால் இரண்டுமே 'கின்காக்குஜி' ஆகிவிடும். ஒன்று வடமேற்கில், மற்றது வடகிழக்கில். மேப்பில் தவறானதைத் தட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் இறங்கியவர்கள் உண்டு, படத்தைப் பார்த்து உறுதி செய்தபின் கிளம்புங்கள்.

திசை குழம்பினால் தெருப் பெயர் உதவும். கிழக்கு மேற்காக ஓடும் பெரிய சாலைகளுக்கு வடக்கிலிருந்து தெற்காக எண் வரிசை உண்டு: சன்ஜோ 3, ஷிஜோ 4, கோஜோ 5, ஷிச்சிஜோ 7, ஹச்சிஜோ 8, குஜோ 9. கியோட்டோ ஸ்டேஷன் ஷிச்சிஜோவுக்கும் ஹச்சிஜோவுக்கும் நடுவில் இருக்கிறது. எண் குறைந்தால் வடக்கே போகிறீர்கள்.

## 5. வந்திறங்கும் நாள்

கன்சாய் விமான நிலையத்திலிருந்து ஹருக்கா விரைவு ரயில் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் கியோட்டோ கொண்டுவந்து விடும். டோக்கியோவிலிருந்து நோசோமி ஷிங்கான்செனில் இரண்டேகால் மணி நேரம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் வரும் பெட்டி இருந்தால், ஷிங்கான்செனில் அதற்கான இருக்கையை முன்பே பதிவு செய்ய வேண்டும்.

முதல் வேலை பெட்டியை இறக்குவது. அறை மதியம் 3 மணிக்குத்தான் கொடுப்பார்கள் என்றாலும், பெட்டியைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் ஹோட்டல்கள்தான் அதிகம். ஸ்டேஷனில் லாக்கர் இருக்கிறது, ஆனால் பெரியவை காலை பத்து மணிவாக்கில் நிரம்பிவிடும். பெட்டியோடு மாநகரப் பேருந்தில் மட்டும் ஏறாதீர்கள். நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்பீர்கள், உள்ளூர்க்காரர்கள் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள், முகம் சொல்லிவிடும்.

இரண்டாவது வேலை, ஸ்டேஷன் இயந்திரத்தில் ஐகோக்கா என்ற, பணம் போட்டுத் தேய்க்கும் பயண அட்டை. 2,000 யென் போட்டால் 500 யென் முன்பணம் போக 1,500 யென் பயணத்துக்கு. ரயில், பேருந்து, கடைகள் எல்லாவற்றிலும் செல்லும். ஆளுக்கொன்று வேண்டும். ஒரே அட்டையை வைத்து முழுக் குடும்பமும் கேட்டைத் தாண்டப் பார்ப்பது அடிக்கடி நடக்கும் கூத்து. முதல் ஆள் உள்ளே போனதும் கதவு மூடி, மற்றவர்கள் வெளியே நிற்பார்கள். 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். குழந்தைகள் அட்டையை இயந்திரத்தில் தேடாமல், கடவுச்சீட்டைக் காட்டிக் கவுண்டரில் கேளுங்கள்.

ஸ்டேஷனின் வடக்கு வாசல் கராசுமா, தெற்கு வாசல் ஹச்சிஜோ. மாநகரப் பேருந்து நிலையம் வடக்கில் இருக்கிறது. ஷிங்கான்செனில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் தெற்கில் போய் நிற்பீர்கள்.

பகலில் நேரம் மிச்சமிருந்தால் தெற்கு வாசல் வழியே கால் மணி நேரம் நடந்து தோஜி கோயிலுக்குப் போய்வாருங்கள். ஏறக்குறைய 55 மீட்டர் உயர ஐந்தடுக்குக் கோபுரத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் விரிவுரை மண்டபத்துக்குள் போங்கள். அங்கிருக்கும் 21 சிலைகளில், யானைமேல் அமர்ந்திருப்பவர் இந்திரன். வாத்துகள் தாங்கும் தாமரைமேல் நான்கு முகத்தோடு இருப்பவர் பிரம்மா. ஜப்பானியப் பெயர் தெரியாமலே அடையாளம் கண்டுவிடலாம். வெளிச்சம் மங்கலாக இருக்கும், கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். மாதத்தின் 21ஆம் தேதி வந்தால் வளாகம் முழுக்கச் சந்தை கூடியிருக்கும்.

## 6. பேருந்து கடைசி வழி

மேப் எப்போதும் பேருந்தைத்தான் முதலில் காட்டும். நம்பி ஏறினால் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, உட்கார இடமில்லாமல் போவீர்கள். ரயில், சுரங்க ரயில், நடை, அதன்பின் பேருந்து என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். சுரங்க ரயில் இரண்டே தடம்தான்: வடக்கு தெற்காக கராசுமா, கிழக்கு மேற்காக தோசாய்.

பேருந்தில் பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்க வேண்டும். இறங்கும்போதுதான் கட்டணம். நகருக்குள் எவ்வளவு தூரம் போனாலும் 230 யென். உண்டியல் மாதிரி இருக்கும் பெட்டி மீதி கொடுக்காது. ரொக்கமாகக் கொடுப்பதென்றால், பக்கத்திலேயே இருக்கும் இயந்திரத்தில் 1,000 யென்னை முதலில் சில்லறையாக மாற்றிக்கொண்டு, சரியான தொகையைப் போடுங்கள். முழுத் தாளைப் போட்டுவிட்டு ஓட்டுநர் முகத்தைப் பார்த்து நிற்பது பின்னால் வரிசையை வளர்க்கும்.

பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டு இப்போது இல்லை, விற்பனையை 2023இல் நிறுத்திவிட்டார்கள். பழைய பயணக் குறிப்புகள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் சீட்டு உண்டு. ஐந்து முறையாவது ஏறி இறங்கினால்தான் லாபம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

நாலு பேர் இருந்தால் டாக்சியைக் கணக்குப் பாருங்கள். நாலு பேருந்துச் சீட்டு 920 யென். பக்கத்து இடத்துக்கு டாக்சியும் அதை ஒட்டியோ சற்று மேலேயோதான் வரும். வயதானவர்கள் கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம். டாக்சியின் பின்கதவை ஓட்டுநரே திறந்து மூடுவார், நீங்கள் இழுக்காதீர்கள்.

## 7. முதல் நாள்: கிழக்கு

கியோமிசு தெரா காலை 6 மணிக்கே திறந்துவிடும். முதல் நாளுக்கு இதை வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு உடம்புக் கடிகாரம் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். முதல் இரவு எப்படியும் தூக்கம் சரியாக வராது. புரண்டுகொண்டிருப்பதைவிட 5.30க்கு டாக்சி பிடிப்பது மேல்.

விடிகாலையில் மரமேடை கிட்டத்தட்ட காலியாக இருக்கும். பத்து மணிக்கு அதே இடத்தில் தோளோடு தோள் உரசும். மேடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், எதிரே இருக்கும் சிறு மண்டபத்துக்கு நடந்தால்தான் 13 மீட்டர் உயரத் தூண்களோடு மேடை முழுதாகத் தெரியும். அப்புறம் படி இறங்கி ஒதோவா நீர்வீழ்ச்சி. மூன்று தாரையாக விழும் தண்ணீரை நீளக் கைப்பிடி அகப்பையில் பிடித்துக் குடிக்கிறார்கள். அகப்பைகளைப் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் வைத்திருப்பார்கள், குடித்ததும் திரும்ப அங்கேயே வைக்க வேண்டும். மூன்றிலும் பிடித்துக் குடிப்பது பேராசை என்பது அங்கத்திய பேச்சு.

கியோமிசு தெராவிலிருந்து சன்னென்சாக்கா, நினென்சாக்கா சரிவுகள் வழியே வடக்கே இறங்குங்கள். தலைகீழாக, கியோனிலிருந்து மேலே ஏறிவருகிறவர்கள்தான் அதிகம். மூச்சு வாங்கி, கூட்டத்தோடு கூட்டமாக உச்சிவெயிலில் போய்ச் சேர்வார்கள். கடைகள் 9, 10 மணிக்குத்தான் திறக்கும், தெருவைப் பார்க்க அதுவே நல்லது.

சரிவு முடிந்ததும் ஜப்பானின் சொந்த மதமான ஷின்தோவின் யாசாக்கா கோயில், மருயாமா பூங்கா, சியோன்-இன்னின் பிரம்மாண்ட வாயில் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வரும். கியோன் பகுதியின் பிரதான தெருவில் தாராளமாக நடக்கலாம். உள்ளே போகும் சில தனியார் சந்துகளில் நுழையக் கூடாது என்று 2024இல் பலகை வைத்துவிட்டார்கள், மீறினால் 10,000 யென் அபராதம். வேலைக்குப் போகும் மாய்கோ பெண்களை (கெய்ஷா கலை பயில்கிறவர்கள்) துரத்திப் படம் எடுப்பதால் வந்த வினை இது.

மதியத்துக்குள் நான்ஸென்ஜி. வளாகத்துக்குள் சும்மா நடக்கக் கட்டணம் இல்லை. கோயிலுக்குள்ளேயே செங்கல் வளைவுகளோடு ஒரு கால்வாய்ப் பாலம் நிற்கும். பிவா ஏரித் தண்ணீரை நகருக்குக் கொண்டுவர 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, மேலே இன்னும் தண்ணீர் ஓடுகிறது. சாப்பிட்டுவிட்டு, கால்வாயோரமாகப் போகும் 'தத்துவஞானியின் பாதை'யில் சுமார் 2 கிலோமீட்டர் வடக்கே நடந்தால் வெள்ளி மண்டபம். 3.30க்குள் சேர்ந்துவிடப் பாருங்கள். வெள்ளியைத் தேடாதீர்கள், மண்டபம் மரநிறம்தான். மணல் மேடும், பின்னால் ஏறும் பாசிப் பாதையும்தான் அங்கே விஷயம்.

திரும்ப கியோட்டோ ஸ்டேஷனுக்கு நேர்ப் பேருந்துக்காக எல்லோரும் நிற்பார்கள். நீங்கள் மேற்கே தெமாச்சியானாகி ஸ்டேஷன் வரை மட்டும் பேருந்தில் போய், கெய்ஹான் என்ற தனியார் ரயிலுக்கு மாறிக்கொள்ளுங்கள். அது கியோட்டோ ஸ்டேஷனுக்குப் போகாது, தோஃபுகுஜியில் இறங்கி ஜே.ஆர். ரயிலில் ஒரு நிறுத்தம் போக வேண்டும்.

## 8. இரண்டாம் நாள்: தெற்கு

ஃபுஷிமி இனாரி 24 மணி நேரமும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. அதனாலேயே பலர் அதைக் கடைசியில் தள்ளி, கால் ஓய்ந்தபின் போகிறார்கள். காலை 7 மணிக்குள் போய்விடுங்கள். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து ஜே.ஆர். நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம் இனாரி. எல்லா நிறுத்தத்திலும் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். விரைவு ரயில் இனாரியில் நிற்காமல் கடந்துவிடும்.

மலைப்பாதை நெடுக வரிசையாக நிற்கும் சிவப்பு வாயில்களின் முதல் பத்து நிமிடத்தில்தான் கூட்டம் முழுக்க நிற்கும். யாரும் இல்லாத படத்துக்காக அங்கே காத்திருக்காமல் மேலே ஏறுங்கள், தானாகக் குறையும். யொத்சுத்சுஜி என்ற சந்திப்பு வரை முப்பது நாற்பது நிமிடம். அங்கே ஊர் முழுக்கத் தெரியும். அதற்குமேல் 233 மீட்டர் உச்சி வரை போகலாம், ஆனால் உச்சியில் காட்சி எதுவும் இல்லை. காட்சிக்காகப் போகிறவர்கள் யொத்சுத்சுஜியில் திரும்பிவிடலாம்.

ஏறும்போது வாயில்கள் வெறும் சிவப்பாகத்தான் தெரியும். இறங்கும்போது பாருங்கள், ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் காணிக்கை கொடுத்தவரின் பெயரும் தேதியும் கறுப்பில் செதுக்கியிருக்கும். டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் ஊர்க்காரர்களுக்கு இது விளங்கும். நரிச் சிலைகளின் வாயையும் கவனியுங்கள்: ஒன்று சாவி கவ்வியிருக்கும், இன்னொன்று நெற்கதிர்.

இறங்கியதும் கெய்ஹான் ரயிலில் ஷிச்சிஜோ, அங்கிருந்து சில நிமிட நடையில் சன்ஜூசன்கென்தோ. 120 மீட்டர் நீள மண்டபத்தில், கருணையின் போதிசத்துவரான கன்னோனுக்கு 1,001 சிலைகள். வந்தவர்கள் அந்த எண்ணிக்கையில் மயங்கி, முன்வரிசையில் நிற்கும் 28 காவல் தெய்வங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நிதானமாக நடங்கள். அலகும் இறக்கையுமாகப் புல்லாங்குழல் ஊதுகிறவர் கருடன். விலா எலும்பு தெரிய, கம்பு ஊன்றி நிற்கும் முனிவரின் முகத்தை நான் ஒவ்வொரு முறையும் பார்க்காமல் வருவதில்லை. உள்ளே படம் எடுக்கத் தடை, கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

பக்கத்து ஊரான நாரா போக ஆசையென்றால் இதே நாளில் வைத்துக்கொள்ளலாம். இனாரியை முடித்துவிட்டு அதே ஜே.ஆர். தடத்தில் தெற்கே தொடருங்கள், சன்ஜூசன்கென்தோவை வந்திறங்கும் நாளுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து போன துறவி போதிசேனர். அங்கே சுற்றித் திரியும் மான்களிடம் பிஸ்கட்டைக் காட்டி ஏமாற்றாதீர்கள். முட்டும், கடிக்கும்.

## 9. மூன்றாம் நாள்: மேற்கிலிருந்து வடமேற்கு

காலை ஜே.ஆர். சகானோ தடத்தில் சகா-அராஷியாமா, கால் மணி நேரம். இந்த நடைமேடை கியோட்டோ ஸ்டேஷனின் மேற்குக் கோடியில் இருக்கிறது, நடக்கவே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மூங்கில் பாதை எப்போதும் திறந்திருக்கும் என்பதால் அது முதலில், 7.30 வாக்கில். படத்தில் பார்த்த அளவுக்கு நீளமில்லை, சில நூறு மீட்டர்தான். ஏமாற்றமாக இருக்கலாம், சொல்லிவிட்டேன். பிறகு பூங்கா வழியே ஆற்றங்கரைக்கு இறங்கி, தோகெத்சு பாலத்தைப் பார்த்துவிட்டு, 8.30க்குத் திறக்கும் தென்ரியூஜிக்குத் திரும்புங்கள்.

அங்கிருந்து தங்க மண்டபத்துக்கு மேப் காட்டும் பேருந்தை விட்டுவிடுங்கள். தென்ரியூஜி எதிரிலேயே ராந்தென் என்ற சிறிய டிராம் ஸ்டேஷன். கதாபிரானோத்சுஜியில் மாறி, ரியோஆன்ஜி நிறுத்தத்தில் இறங்கி நடங்கள். ரியோஆன்ஜியின் கல் தோட்டத்தில் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்துவிடும். குழந்தைகளை எண்ணச் சொன்னால் கால் மணி நேரம் அமைதி கிடைக்கும்.

ரியோஆன்ஜியிலிருந்து தங்க மண்டபம் இருபது நிமிட நடை. பிற்பகலுக்கு இதை வைப்பது வெயிலுக்காக, சாய்ந்த ஒளி தங்கத் தகட்டில் விழும். ஒருவழிப் பாதை, மண்டபத்துக்குள் விட மாட்டார்கள், முக்கால் மணி நேரம் போதும். திரும்பும்போது பேருந்தில் கிதாவோஜி வரை போய், அங்கே சுரங்க ரயிலுக்கு மாறுங்கள்.

## 10. உள்ளே எப்படி நடந்துகொள்வது

இரண்டு தூண்களுக்குமேல் குறுக்குச் சட்டம் வைத்த தோரீ வாயில் இருந்தால் ஷின்தோ கோயில்: இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது, கைகூப்பினால் போதும்.

தண்ணீர்த் தொட்டியில் அகப்பையை வலக்கையில் பிடித்து இடக்கையைக் கழுவுங்கள், பிறகு மாற்றி வலக்கை. வாய் கொப்பளிக்கத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ள வேண்டும், அகப்பையில் வாய் வைக்கவே கூடாது. துப்புவது தொட்டிக்கு வெளியே.

வாசல் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். இது நமக்குப் புதிதல்ல. கழற்றிய ஷூவை அடுக்கில் வைக்கச் சொல்வார்கள், சில இடங்களில் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோகச் சொல்வார்கள்.

## 11. சைவச் சாப்பாடு: தாஷியில்தான் சிக்கல்

'வெஜிடேரியன்' என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். பிரச்சினை துண்டில் இல்லை, தாஷி என்ற அடிச்சாற்றில். உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு இறக்கிய சாறு அது. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு, சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்வது, காய்கறி தெம்புராவோடு வரும் சாறு, முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் இருக்கும். பார்க்கச் சைவமாகத் தெரியும் இனாரி சூஷியின் டோஃபு உறையையும் பெரும்பாலும் இதில்தான் வேகவைப்பார்கள். 'கரி ரைஸ்' குழம்பில் மாட்டுக் கொழுப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் "இறைச்சி, மீன், மீன் தாஷி எதுவும் சாப்பிட மாட்டேன், பால் சாப்பிடுவேன்" என்று ஜப்பானிய மொழியில் மாற்றிய வாசகத்தை கைபேசியில் வைத்திருங்கள். உட்காருவதற்கு முன்பே காட்டுங்கள். முடியாது என்றால் கடைக்காரர் வருத்தத்தோடு சொல்லிவிடுவார், வேறு கடைக்குப் போகலாம். உட்கார்ந்து ஆர்டர் கொடுத்தபின் கேட்டால் இருவருக்கும் சங்கடம்.

துறவிகளுக்கான ஷோஜின் ரியோரி உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் கிடையாது. தென்ரியூஜி வளாகத்துக்குள்ளேயே ஷிகெத்சு என்ற மடத்து உணவகத்தில் மதியம் கிடைக்கும். மூன்றாம் நாள் அட்டவணையில் அது பொருந்தும். விலை அதிகம், அளவு கொஞ்சம், ஆனால் பயமில்லாமல் சாப்பிடலாம். நான்ஸென்ஜி பக்கத்து யுதோஃபு கடைகளில் சட்டியிலிருக்கும் டோஃபுவைவிடத் தொட்டுக்கொள்ளும் சாற்றைப் பற்றிக் கேளுங்கள்.

தினசரிக்குக் கைகொடுப்பது கன்வீனியன்ஸ் கடைகள்தான். வேகவைத்து அடைத்த சோற்றுப் பாக்கெட்டை அங்கேயே மைக்ரோவேவில் சூடாக்கித் தருவார்கள். ஊரிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கொண்டுவந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தையோ பழங்களையோ பெட்டியில் வைக்காதீர்கள், தாவரச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

## 12. மழை, முட்டிவலி

மழை வந்தால் இனாரியையும் சரிவுத் தெருக்களையும் தள்ளிவையுங்கள், நனைந்த கல் வழுக்கும். நிஜோ கோட்டை, சன்ஜூசன்கென்தோ, கூரை போட்ட நிஷிக்கி கடைவீதி ஆகியவற்றுக்கு மாறிக்கொள்ளலாம். கல் தோட்டங்கள் மழையில் கெட்டுப்போவதில்லை, கூரைக்குக் கீழிருந்துதான் பார்ப்பீர்கள்.

படி ஏற முடியாத பெற்றோர் கூட இருந்தால் இனாரியின் அடிவாரம் மட்டும் போதும். கியோமிசு தெராவுக்கு டாக்சியில் போனாலும் கடைசியில் ஒரு ஏற்றம் நடந்துதான் ஆக வேண்டும். சன்ஜூசன்கென்தோவும் தோஜியும் சமதளம், அவர்களோடு போக நல்ல இடங்கள்.

கட்டணம் வாங்கும் கோயில் ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காவதில் யாரும் எதையும் பார்ப்பதில்லை, உட்கார இடம்தான் தேடுகிறார்கள்.

## 13. திரும்பும் நாள்

அடுத்த ஊருக்குப் போகிறீர்கள் என்றால் பெரிய பெட்டியைத் தக்யூபின் சேவையில் முன்கூட்டி அனுப்பிவிடலாம். ஹோட்டல் வரவேற்பிலேயே படிவம் நிரப்பித் தருவார்கள். டோக்கியோவுக்குப் பொதுவாக மறுநாள் போய்ச் சேரும், ஒரு இரவுக்கான துணியைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்கே அனுப்புவதென்றால் இன்னும் ஒரு நாள் கூடுதலாக விடுங்கள்.

ஐகோக்கா அட்டையை டோக்கியோவிலும் தேய்க்கலாம், ஆனால் முன்பணத்தையும் மீதியையும் திருப்பித் தருவது மேற்கு ஜப்பானின் ஜே.ஆர். கவுண்டரில் மட்டும்தான். டோக்கியோவிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் கியோட்டோ ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அல்லது மீதியைக் கடையில் செலவழித்துவிட்டு அட்டையை வைத்திருங்கள். கடைசியாகத் தேய்த்ததிலிருந்து 10 ஆண்டு வரை அது செல்லும்.